பூட்டு நகரின் பூட்டிய வீடுகள்

ஆளில்லாத வீட்டைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சு வழக்கில் ஒரே சொல் இல்லை. வாடகைக்கு ஆள் தேடுவது காலி வீடு. உரியவர்கள் வெளியூரில் இருக்க, வாசலில் துருவேறிய பூட்டோடு நிற்பது பூட்டிக் கிடக்கும் வீடு. கூரை உள்வாங்கிய பின் அதுவே பாழ் வீடு. கூரையும் போய்ச் சுவர் மட்டும் எஞ்சினால் குட்டிச்சுவர். ஒரே வீடு காலப்போக்கில் கடந்து செல்லும் நான்கு நிலைகளே இவை என்பதும், முதல் நிலையில் வெள்ளையடிப்போடு முடிந்துவிடக்கூடிய வேலை நான்காம் நிலையில் புது வீடு கட்டும் செலவாக ஏறிவிடுகிறது என்பதும் பழைய தெருக்களுக்கு உயிர் கொடுப்பது பற்றிய எந்த ஆராய்ச்சிக்கும் தொடக்கமாக அமையத்தக்கவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வளவு நுட்பம் பார்ப்பதில்லை. குடும்பம் வெளியூர் போயிருப்பதால் பூட்டியிருக்கும் வீட்டைக் குடியிருப்புள்ள வீடாகவும், எவரும் வாழாமலும் வேறு எதற்கும் பயன்படாமலும் இருப்பதைக் காலி வீடாகவும் அது எழுதிக்கொள்கிறது. அவ்வாறு எழுதப்பட்ட காலி வீடுகள் 2011-இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 2.47 கோடி, அவற்றுள் நகரங்களில் இருந்தவை 1.11 கோடி. அடுத்த ஆண்டில் நடுவண் அரசின் தொழில்நுட்பக் குழு ஒன்று நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மதிப்பிட்டது. விற்காமல் நிற்கும் புதிய அடுக்ககங்களும் முதல் எண்ணிக்கையில் அடங்கும் என்றாலும், ஆளில்லாத வீடும் வீடில்லாத ஆளும் ஒரே நகரில், சில வேளைகளில் ஒரே தெருவில், அருகருகே இருப்பது எப்படி என்ற கேள்வியை இவ்விரு எண்களும் எழுப்பிவிடுகின்றன.

இக்கேள்வியை வைத்துப் பார்ப்பதற்குத் திண்டுக்கல் ஏற்ற ஊர். 1866-இல் நகராட்சியாகி 2014-இல் மாநகராட்சியாக உயர்ந்த இவ்வூரின் பரப்பு 14 சதுர கிலோமீட்டரை ஒட்டியது. 2001-இல் இந்த எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1,97,000 பேர். 2011-இல் 2,07,327 பேர். பத்தாண்டுகளில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் மட்டுமே ஊர் வளர்ந்திருக்கிறது. ஆனால் சுற்றிலும் ஒட்டிக்கொண்ட புறநகர்ப் பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதே 2011-இல் எண்ணிக்கை 2,92,000 அளவுக்குப் போகிறது. பழனி சாலையிலும் நத்தம் சாலையிலும் தாடிக்கொம்பு சாலையிலும் மனைகளாகப் பிரிக்கப்பட்ட காடுகளில் வீடுகள் எழுந்த அதே காலத்தில், மலைக்கோட்டையின் அடிவாரத்திலிருந்து ரத வீதிகள் வழியாக ரயில் நிலையத்தை ஒட்டிய நாகல் நகர் வரையிலும், தெற்கே பேகம்பூர் வரையிலும் பரவிய பழைய ஊர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது என்பதே இதன் பொருள். (ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கென 2015-இல் தமிழகத்திலிருந்து முன்மொழியப்பட்ட 12 ஊர்களில் 11 தேர்வாயின, விடுபட்ட ஒன்று திண்டுக்கல். அத்திட்டத்தின் பணம் வேறு ஊர்களில் பெரும்பாலும் நடைபாதைக் கல்லிலும் விளக்குக் கம்பத்திலும் கரைந்ததைப் பார்க்கும்போது, இழப்பு எவ்வளவு பெரிது என்பது விவாதத்துக்குரியது.)

பழைய ஊரின் வீடுகள் தொழிலால் உருவம் பெற்றவை. புகையிலை வணிகரின் வீட்டில் முன்கட்டு குடும்பத்துக்கும் பின்கட்டு சிப்பம் அடுக்குவதற்கும் ஒதுக்கப்பட்டது. பூட்டுத் தொழிலாளியின் வீட்டில் தெருவைப் பார்த்த முன்பத்தியே பட்டறை, அரமும் பிடிசிராவியும் அங்கே, அடுப்படி பின்னால். பக்கத்திலுள்ள சின்னாளபட்டியின் நெசவாளர் வீட்டில் கூடத்தின் நீளத்தைத் தறி தீர்மானித்தது. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப்பெயரோடு சேர்ந்த தனியுரிமை, பெற்றபோது அத்தொழில் ஏற்கெனவே அலிகாரின் எந்திரப் பூட்டுகளுக்கு முன் வெகுவாகச் சுருங்கியிருந்தது. தொழில் சுருங்கியபோது வீட்டின் ஒரு பாதி வேலையற்றுப் போயிற்று. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போனபோது மறு பாதியும் காலியானது. இவ்வளவோடு நின்றிருந்தால் அவ்வீடுகள் கைமாறி வேறு குடும்பங்கள் குடியேறியிருக்கும். அப்படி நடக்காமல் அவை பூட்டிக் கிடப்பதற்குச் சட்டத்தின் பங்கு பெரிது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையில் தொடங்கி, 1946, 1949 ஆண்டுச் சட்டங்களின் வழியாக வந்து, 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தில் நிலைபெற்ற ஏற்பாடு, குடியிருப்பவரை வீட்டுக்காரரின் பேராசையிலிருந்து காப்பதற்காக வந்தது. அன்றைய தட்டுப்பாட்டில் அது தேவையாகவும் இருந்தது. வீடு காலியானால் அதை அரசு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும், அரசு அதைத் தன் ஊழியருக்கு ஒதுக்கலாம் என்றெல்லாம் அதில் விதி இருந்தது. ஆனால் நியாய வாடகையை நிர்ணயிக்கவும், கொடாத வாடகைக்காக வெளியேற்றவும், சொந்த உபயோகத்துக்குத் திரும்பப் பெறவும் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியிருந்ததால், ஒருமுறை ஆளை வைத்தால் வீடு போய்விடும் என்ற அச்சம் சொத்துள்ள குடும்பங்களில் தலைமுறை நம்பிக்கையாகவே இறுகிவிட்டது. அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவு இன்னும் கவனிக்கத்தக்கது. வீட்டைப் பழுது பார்ப்பதற்காக வாடகைதாரரை வெளியேற்றினால், வேலை முடிந்ததும் அவரையே திரும்பக் குடிவைக்க வீட்டுக்காரர் உறுதி தர வேண்டும். வீட்டை இடித்துக் கட்டுவதற்காக வெளியேற்றினால் குறித்த காலத்துக்குள் இடிக்கிறேன் என்ற உறுதி போதும். பழுது பார்த்தவருக்குப் பழைய வாடகைதாரர், இடித்தவருக்குக் காலி மனை என்று ஒரு சட்டம் சொன்னால் மக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை ஊகிக்கப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை. எத்தனையோ முற்றத்து வீடுகளின் முடிவு அந்தப் பிரிவில் எழுதப்பட்டிருந்தது.

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இந்நிலையை மாற்றியது. எழுத்து வடிவ ஒப்பந்தம் கட்டாயம். அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வாடகை இருவரும் ஒப்புக்கொண்டது எதுவோ அது. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. சட்டத்தின் நோக்கம் தெளிவானது. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஊறிய அச்சம் ஓர் அரசிதழ் அறிவிப்பில் கரைந்துவிடுவதில்லை; பழைய தெருக்களில் இன்றும் வீடு கொடுப்பது தெரிந்தவர் மூலமாக, வாய்ப்பேச்சாகவோ பதினொரு மாதத் தாளிலோதான் நடக்கிறது.

வரியும் தன் பங்குக்குப் பூட்டியே வைக்கச் சொல்லியிருக்கிறது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி, ஓர் அரையாண்டில் தொடர்ந்து 30 நாட்களோ அதற்கு மேலோ காலியாக இருந்த கட்டடத்துக்கு, அக்காலத்துக்குரிய வரியில் பாதி வரை தள்ளுபடி கேட்க முடிந்தது. வாடகை வராத காலத்தில் வரி சுமையாகக்கூடாது என்ற இரக்கம் அதன் பின்னே இருந்தது என்பது உண்மையே. ஜப்பானிலும் இப்படி ஒரு விசித்திரம் உண்டு. அங்கே வீடு நிற்கும் மனைக்கு நிலவரி ஆறில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், இடிந்து விழும் வீட்டையும் அகற்றாமல் விட்டுவைத்தார்கள். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் காலி வீடுகள் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. 2015-இல் நடைமுறைக்கு வந்த சிறப்புச் சட்டம், அபாய நிலையிலுள்ள வீடுகளை நகராட்சி அடையாளம் கண்டு அந்த வரிச்சலுகையை நீக்க அதிகாரம் தந்தது. ஜப்பானில் மக்களே குறைந்து வருகிறார்கள்; திண்டுக்கல்லில் மக்கள் நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறார்கள். ஆகவே அங்கு எடுத்த நடவடிக்கைகள் முழுவதும் இங்கே பொருந்தா. வீட்டைப் பூட்டுவதற்குச் சலுகை தருவதை நிறுத்திவிட்டுத் திறப்பதற்குச் சலுகை தருவது என்ற ஒன்று மட்டும் பொருந்தும்.

சட்டத்தையும் வரியையும் விடக் கெட்டியான பூட்டு பாகப்பிரிவினை. தாத்தா பெயரில் இருந்த வீடு நான்கு மகன்களுக்கும் மூன்று மகள்களுக்கும் இறங்கி, அவர்கள் வழியாக இருபது பேருக்குப் பாத்தியமாகி, அந்த இருபது பேரில் எண்மர் வெளிநாட்டிலும் இருவர் பேச்சுவார்த்தையே இல்லாமலும் இருக்கும் நிலை இன்று சாதாரணம். 1989-இல் தமிழகத்தில் வந்த திருத்தமும் 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தமும் மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் மகன்களுக்கு நிகரான பங்கை அளித்தன. குடும்பம் வசிக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் முன்வரும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த பழைய தடையும் 2005-இல் நீங்கியது. நீதி அது. ஆனால் உரிமை பரவிய வேகத்தில் ஆவணம் பரவவில்லை. பட்டா, அதாவது வருவாய்த்துறை தரும் உரிமைப் பதிவு, இறந்தவர் பெயரிலேயே நிற்கிறது. வரி ரசீதும் அவர் பெயருக்கே வருகிறது. கையெழுத்துப் போட வேண்டிய இருபது பேரில் ஒருவர் மறுத்தாலும் விற்க முடியாது, வங்கிக் கடன் வாங்க முடியாது, சொந்தப் பெயரில் பட்டா கேட்கும் அரசு வீட்டுத் திட்டங்களிலும் நுழைய முடியாது. இருப்பவர் ஒருவர் தம் செலவில் கூரையைச் செப்பனிட்டால், நாளைக்கு அவர் கூடுதல் பாகம் கேட்பார் என்று மற்றவர்கள் சந்தேகிக்கிறார்கள். அவரும் ஊரார் வீட்டுக்கு ஓடு மாற்றுவானேன் என்று விட்டுவிடுகிறார். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், வசதியாகப் பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது என்றாலும், அந்தத் தீர்ப்பு வரும்வரை மழை காத்திருப்பதில்லை.

மழை அந்த வீட்டில் என்ன செய்கிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது அவசியம், ஏனெனில் சீரமைப்பைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் கூரையைப் பார்க்காமலே எடுக்கப்படுகின்றன. இப்பகுதியில் காரை வீடு என்று வழங்கும் பழைய மட்டக்கூரை வீட்டில், சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள் போட்டு, அவற்றின்மேல் நெருக்கமாகக் கைமரங்களைப் பரப்பி, அதன்மேல் சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்திருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளிப்பது அப்போதுதான். கடைசியாகத் தட்டோடு. இக்கூரை நூறாண்டு தாங்கும், ஆண்டுக்கு ஒரு மணி நேரக் கவனிப்பு கிடைத்தால். அந்த ஒரு மணி நேரம் என்பது ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருவர் மாடியேறித் தூம்புவாயில் அடைத்த வேப்பஞ்சருகை வாரிப் போடுவது. ஆளில்லாத முதல் ஆண்டில் சருகு அடைக்கிறது, தண்ணீர் மூலையில் தேங்குகிறது. இரண்டாம் ஆண்டில் காக்கை எச்சத்தில் விழுந்த அரசம் விதை கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைக்கிறது. வேர் போன வழியே நீர் இறங்கிச் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனியை நனைக்கிறது. நடு உத்தரம் வைரம் பாய்ந்து மின்னிக்கொண்டிருக்க, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு சாண் நுனி உளுத்துப்போகிறது. கறையான் அதைத்தான் தேடி வருகிறது. ஒருநாள் இரவு அறையின் ஒரு மூலை மட்டும் இறங்குகிறது. விளக்கேற்ற ஆளில்லாத வீடு விளங்காது என்று ஊரில் சொல்வதில் நம்பிக்கையைத் தவிர ஒரு நடைமுறை உண்மையும் உண்டு; விளக்கேற்ற வருபவர் அண்ணாந்தும் பார்ப்பார்.

இதற்குப் பின் நடக்கும் வைத்தியம் நோயை விடக் கொடியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல் பொரிந்து உதிரும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சிமெண்ட் பூச்சு பத்தாண்டுகளில் சுவரையே தின்றுவிடுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் கரிக்காலியில் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. அதே மாவட்டத்தில் வீட்டு வேலைக்கு நீற்றுச் சுண்ணாம்பு தேடினால் கிடைப்பதரிது, கிடைத்தாலும் அதைக் குழைக்கத் தெரிந்த கொத்தனார் அதனினும் அரிது.

தமிழ் நிலத்தில் இச்சிக்கலை எதிர்கொண்ட முயற்சிகளில் புதுச்சேரியின் வைசியாள் வீதி, அதாவது கால்வே சுப்பராயச் செட்டி வீதி, முதலில் நினைக்கத்தக்கது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஷியா அர்ப்ஸ் திட்ட நிதியில், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் வழிகாட்டலில், அவ்வீதியின் தமிழ்க் குடியிருப்புகளின் முகப்புகள், தாழ்வாரம், மரத்தூண், திண்ணை, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றோடு வரிசையாகச் சீரமைக்கப்பட்டன. செலவில் பாதி திட்டத்தினுடையது, பாதி வீட்டுக்காரருடையது. இந்தப் பாதிக்குப் பாதி என்ற ஏற்பாட்டில்தான் அம்முயற்சியின் அறிவு அடங்கியிருக்கிறது. முழுவதும் இலவசம் என்றிருந்தால் வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரின் வேலையை வேடிக்கை பார்த்திருப்பார். முழுவதும் அவர் செலவென்றால் வேலையே நடந்திராது. தனி மாளிகை ஒன்றை மீட்காமல் ஒரு தெருவின் ஒரு பகுதியை முழுதாக எடுத்துக்கொண்டதும் சரியான முடிவு, ஏனெனில் பக்கத்து வீடு பாழாக இருக்கும்வரை சீரமைத்த வீட்டின் மதிப்பு ஏறுவதில்லை, இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் வழியே ஈரமும் நிற்பதில்லை. குறையும் உண்டு. முகப்புக்குப் பின்னால் முற்றத்தில் யார் வாழப்போகிறார்கள் என்பதை முகப்புத் திட்டம் கேட்கவில்லை. சுற்றுலா வளர்ந்த பின் புதுச்சேரியின் பழைய தெருக்களில் குடும்பங்களின் இடத்தை விடுதிகள் பிடித்தது அதன் விளைவுகளில் ஒன்று. அரசின் கைக்கு வந்தால் கட்டடம் பிழைத்துவிடும் என்ற எண்ணத்துக்கும் அதே ஊரே மறுப்பு: கடற்கரைச் சாலையில் நகராட்சி அலுவலகமாக இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது, பின்னர் அதே வடிவில் புதிதாகக் கட்டப்பட்டது.

காரைக்குடி வட்டாரம் வேறொரு பாடம். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார் கட்டிய வீடுகள், அத்தொழில் போருக்குப் பின் முடிவுக்கு வந்ததும், திருமணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகளாயின. ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று பங்கு பிரிந்த வீட்டில் பங்காளிகள் பெருகப் பெருக, முடிவெடுப்பது கடினமாயிற்று. வீட்டை விற்க முடியாதபோது வீட்டின் உறுப்புகளை விற்கத் தொடங்கினார்கள்: முதலில் கண்ணாடிப் படங்கள், பின்னர் பெட்டகங்கள், அப்புறம் கதவு நிலை, கடைசியில் பர்மாத் தேக்குத் தூண். நிற்கும் வீட்டை விடப் பிரித்த வீட்டுக்கு விலை அதிகம் என்ற கொடுமையான கணக்கு அங்கே நிரூபணமாயிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் அந்தக் கணக்கின் நாட்குறிப்பு. கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி ஆகிய ஊர்களில் சில மாளிகைகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்தன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலிலும் இடம் பெற்றன. இவ்வழியைத் திண்டுக்கல்லுக்குச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. மலைக்கோட்டை, பிரியாணி, வழியில் கொடைக்கானல் என்ற அவர்களின் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் நாகல் நகரில் பன்னிரண்டடி அகலத்தில் நிற்கும் பட்டறை வீட்டுக்கு எந்தச் சுற்றுலாப் பயணியும் வந்து தங்கப்போவதில்லை; அதற்குத் தேவை குடித்தனம்.

குடித்தனத்தை நோக்கமாகக் கொண்ட முயற்சிகளில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 2010-இல் தொடங்கியது குறிப்பிடத்தக்கது. எச்சரிக்கை அறிவிப்புக்குப் பின்னும் உரியவர் சீரமைக்காத வீட்டுக்கு நீதிமன்றம் ஒரு ரிசீவரை, அதாவது வழக்கு முடியும்வரை சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளரை, நியமிக்கும். அவர் அதைச் சீரமைக்க வசதியும் அனுபவமும் காட்டுபவருக்கு ஏலத்தில் விற்பார். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது கட்டளையிலும் ரிசீவர் உண்டு. ஆனால் இங்கே பங்காளிகளில் ஒருவர் வழக்குப் போட்டால்தான் அவர் வருவார், நகராட்சி கேட்டு வரமாட்டார். அதிகாரத்தை அவ்வளவு தூரம் நீட்டுவது இப்போதைக்கு நல்லதா என்பதும் ஐயத்துக்குரியது. சொத்துரிமை இவ்வளவு சிக்கலாக இருக்கும் ஊரில், ஏலம் என்ற சொல் வந்ததுமே தெருவின் கடைக்கோடியிலுள்ள விதவையின் பங்கு முதலில் பறிபோகும்.

அதற்கு மாறாக, இந்த வட்டாரத்திலேயே பழகிப்போன ஒரு வழி இருக்கிறது. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் வீடு ஒத்திக்கு விடுவது அன்றாட வழக்கம். வட தமிழகத்தில் இதைப் போக்கியம் என்பார்கள். குடிவருபவர் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பார். கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் அத்தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டைப் பெறுவார். வட்டிக்கு வாடகை ஈடு. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் இதை அனுபவ அடமானமாக அங்கீகரித்திருக்கிறது. பூட்டிக் கிடக்கும் காரை வீட்டின் சிக்கலுக்கு இவ்வழக்கம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. விற்க மனமில்லாத பங்காளிகள் விற்க வேண்டியதில்லை. வங்கி கடன் கொடுக்காத வீட்டுக்குக் குடிவருபவரின் தொகையே சீரமைப்பு மூலதனமாகிறது. வாடகைதாரர் போகமாட்டார் என்ற அச்சத்துக்கு மாற்றாக, பணம் திரும்பும் நாளில் அவர் போக வேண்டும் என்ற பழக்கமான ஒழுங்கு இருக்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் ஊரின் மருத்துவமனைகளும் நூற்பாலைகளும் கொண்டுவரும் செவிலியரும் ஊழியரும் ஒத்திக்கு வீடு தேடுபவர்களே.

குறைகளை மறைப்பதற்கில்லை. ஒத்திப் பணம் கூரைக்குப் போகாமல் கல்யாணச் செலவுக்குப் போவதே இதுவரை உள்ள நடைமுறை. அதனால்தான் ஒத்தி வீடுகள் ஒழுகுகின்றன. பெரும்பாலான ஒத்திகள் பதிவாகாமல் வெற்றுத் தாளில் நிற்பதால், பங்காளிச் சண்டையில் முதலில் தெருவுக்கு வருபவர் குடிவந்தவர். ஆகவே மாநகராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ நடுவில் நின்று, தொகையைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டு, உத்தர நுனி மாற்றியதற்கு இவ்வளவு, தட்டோடு பதித்ததற்கு இவ்வளவு என்று வேலை முடிய முடிய விடுவிக்க வேண்டும். பத்திரம் பதிவாக வேண்டும். அந்தப் பதிவுக்கு முத்திரைக் கட்டணச் சலுகை வேண்டும். எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும் என்ற தடை அப்படியே இருக்கிறது என்பது உண்மை. ஆயினும் பாகம் பிரிக்கக் கையெழுத்துக் கேட்பதும், யார் பாகமும் குறையாமல் பத்தாண்டு ஒத்திக்கு விடக் கையெழுத்துக் கேட்பதும் ஒன்றாகா. முன்னதில் தம்பி அண்ணனிடம் தோற்கிறான். பின்னதில் எவரும் தோற்பதில்லை.

வீடு திறந்தால் மட்டும் தெரு பிழைத்துவிடாது; தண்ணீர் வேண்டும். பழைய வீடு ஒவ்வொன்றிலும் கிணறு உண்டு. ஆனால் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு இவ்வட்டாரத்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. தமிழகத் தோல் ஆலைகளைப் பற்றி 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு திண்டுக்கல்லின் ஆலைகளையும் உள்ளடக்கியது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தை நம்பிய குழாய்த் தண்ணீர் பல நாட்களுக்கு ஒருமுறை வந்த ஆண்டுகளில், புறநகரில் ஆழ்துளைக் கிணறு உள்ள மனையே புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இந்த நிலையில் முற்றத்து வீட்டின் அமைப்பே ஒரு வளம். நான்கு பக்கக் கூரையின் நீரும் முற்றத்தில்தான் விழுகிறது. அதைப் பிடிக்க ஒரு தொட்டி கட்டுவது சீரமைப்பின் முதல் வேலையாக இருக்கலாம், கடைசி வேலையான வண்ணப்பூச்சுக்குச் செலவிடும் பணத்தில்.

சின்னாளபட்டியில் நிலைமை சற்று வேறு. நெசவாளர் தெருக்கள் பாவு நீட்டுவதற்கு ஏற்ப நீளமாகவும் நேராகவும் அமைந்தவை. வீட்டின் கூடத்தில் தறிக்குழி, அதாவது நெசவாளி கால் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்கும் பள்ளம், இருக்கும். தறி போன வீட்டில் அக்குழியை மூடித் தளம் போட்டுவிட்டால் அது மற்றெல்லா வீட்டையும் போலாகிவிடுகிறது. மூடாமல் பலகையிட்டு வைத்தால், சுங்குடிச் சாயத் தொழிலுக்கோ தறிக்கோ மீண்டும் ஒருநாள் பயன்படலாம். 1947-இல் கிராமத் தொழில்களுக்காகவே எழுந்த காந்திகிராமம் அடுத்த ஊரில்தான் இருக்கிறது. எல்லாத் தறிக்குழியையும் காக்க வேண்டும் என்பது பிடிவாதம். தெருவுக்கு இரண்டு போதும்.

2024-இல் தமிழக அரசு ஊரகப் பகுதிகளில் முன்பு அரசுத் திட்டங்களில் கட்டித் தந்த வீடுகளைப் பழுது நீக்க நிதி அறிவித்தபோது, புது வீடு மட்டுமே வீட்டு வசதி என்ற பழைய எண்ணத்தில் ஒரு விரிசல் விழுந்தது. நகரத்தின் தனியார் வீடுகளுக்கு அந்த எண்ணம் வந்து சேர்வதற்கு முன்னால் மாநகராட்சி செய்யக்கூடிய, செலவில்லாத ஒரு வேலை உண்டு. ஏதேனும் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு வரித் தண்டலர் ஒருவரும் கொத்தனார் ஒருவரும் வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எழுதலாம். வரிப் புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பது கதவு எண்ணும் இறந்தவரின் பெயரும். புதிதாகச் சேர்க்க வேண்டிய பத்திகள் இரண்டு: தூம்பு அடைத்திருக்கிறதா என்பது ஒன்று, சாவி யாரிடம் இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை தேடித் தொலைவு போக வேண்டியிராது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவி பெரும்பாலும் எதிர்வீட்டு அஞ்சறைப் பெட்டியிலோ முக்குக் கடைக்காரரின் கல்லாவிலோதான் இருக்கிறது, எந்தப் பங்காளி எந்த ஊரில் இருக்கிறார், யாரோடு யார் பேசுவதில்லை என்ற விவரத்தோடு.